போகித் தீயில் என் பானை

ஆயர் குரோவில் ஒரு கடைவீட்டு மாடியில், ஏர்கான் போட்டு மண்பாண்டம் செய்யக் கற்றுத் தருகிறார்கள். ஐம்பத்திரண்டு வயதில் நானும் போய்ச் சேர்ந்தேன். கூடப் படித்தவர்கள் கோணலாக ஒரு கிண்ணம் செய்துவிட்டு, அதைப் பத்துக் கோணத்தில் படம் எடுப்பார்கள். விரிசல் விட்டால், மண் தன் மனதைச் சொல்கிறது என்பார் ஆசிரியை. மண்ணுக்கு மனதிருந்தால் முதல் நாளே அங்கிருந்து ஓடியிருக்கும்.

மூன்று மாதத்தில் எனக்கு ஒரு பானை நேராக வந்தது. கூடவே தலைக்கனமும் வந்தது. இந்த வருஷப் பொங்கல் என் பானையில்தான், கடைப்பானை நம் வீட்டுப் படி ஏறக்கூடாது என்று மனைவியிடம் சொல்லி, குடும்ப வாட்ஸ்அப்பிலும் போட்டுவிட்டேன்.

வகுப்பில் இருந்த மின்சாரச் சூளையில் சுட்டுத் தருவதாக ஆசிரியை சொன்னார். ரொட்டி சுடுகிற பெட்டிக்கு அண்ணன் மாதிரி இருந்த அதை நான் மதிக்கவில்லை. பானை என்றால் நெருப்பில் வேக வேண்டாமா? போகியன்று பெம்பானில் என் வீட்டுப் பின்புறம் எப்படியும் பழைய பாய், தலையணையை எரிக்கத்தான் போகிறோம். அதே தீயில் பானையும் வெந்துவிடும். என் மேதைமையை நினைத்து எனக்கே புல்லரித்தது.

மனைவியின் தம்பி செலண்டாரிலிருந்து லாரியில் தேங்காய் மட்டையும் காய்ந்த மூங்கிலும் கொண்டுவந்தான். பானையைக் கவிழ்த்து, சுற்றிலும் அடுக்கி, பாயைப் போர்த்திக் கொளுத்தினோம். நான் இடுப்பில் கை வைத்து இன்ஜினியர் மாதிரி நின்றேன்.

டமார் என்று ஒரு சத்தம். உடனே இன்னொன்று. ஈரம் இருந்தால் பானை வெடித்துவிடும் என்று ஆசிரியை சொன்னது அப்போதுதான் ஞாபகம் வந்து தொலைத்தது. கைலி அவிழ, ஒரு செருப்பு எங்கோ பறக்க, ஓடிப்போய் கார் கழுவும் குழாயைத் திறந்து தீயின் மேல் பீய்ச்சினேன். வெடிக்கிற பானையை நனைத்துக் காப்பாற்றலாம் என்று எந்த மூளை சொன்னதோ, அது என்னுடையதுதான்.

மைத்துனன் நாற்காலியை விட்டு எழவே இல்லை.

"மச்சான், அது மூங்கில் லா. கணு வெடிக்குது."

அவன் சொல்லி முடிப்பதற்குள் புகைக்குள்ளிருந்து சின்னதாக 'டிக்' என்று கேட்டது.

"இதுதான் பானை" என்றான்.

மூன்று துண்டு. சாயங்காலம் ஜாசின் வரை போய் ஒரு பானை வாங்கி வருகிறேன் என்று மெதுவாக ஆரம்பித்தேன். கடைப்பானை படி ஏறக்கூடாது என்ற உத்தரவை மனைவி எனக்கே படித்துக் காட்டினாள், தேதியோடு.

காலையில் எவர்சில்வர் பானைக்கு மஞ்சள் கொத்து கட்டினாள். செங்கல் அடுப்பு ஒரு பக்கம் ஆடியது. என் பானைத் துண்டு ஒன்றை எடுத்து அடியில் சொருகினாள். அடுப்பு ஆடாமல் நின்றது. பால் பொங்கி, வழிந்து, அந்த ஓட்டின் மேலும் சொட்டியது.

"உங்க பானையும் அடுப்புலதான் இருக்கு. போட்டோ எடுத்து எல்லாருக்கும் அனுப்புங்க."

பத்துக் கோணத்தில் எடுத்தேன். ஓடு தெரியாததாகப் பார்த்து ஒன்றை அனுப்பினேன்.