உன் முறைடா

இடஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருஷம் நானும் சேகரும் எம்.எஸ்சி. கணிதம் படித்தோம். எண்கோடு முழுக்க அடர்ந்து கிடக்கும் எண்ணத்தக்க புள்ளிக் கணங்களில் எந்த இரண்டை எடுத்தாலும், கோட்டை அறுக்காமல் இழுத்து நீட்டியே ஒன்றை மற்றதன்மேல் பொருத்திவிடலாம். எங்களுக்குப் பிடித்த தேற்றம் அது. முறைவைத்து நிரூபிப்போம்: அவன் ஒரு புள்ளி எடுப்பான், நான் என் கணத்தில் இணை தேடுவேன், அடுத்து நான் எடுப்பேன், அவன் தேடுவான். "ரெண்டும் ஒண்ணுதான்டா" என்பான்.

கல்லூரியை மூடிவிட, இருவரும் ஊர் திரும்பும்போது, சின்னசேலம் தாண்டி, போராட்டக்காரர்கள் சாலையில் புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்களை யார் பையன், எந்தத் தெரு என்று விசாரித்தார்கள். சேகர் தன் அப்பா பெயரைச் சொன்னதும், "நம்ம பையன்தான்" என்றார்கள். நான் என் தெருவைச் சொன்னதும் முகம் மாறியது.

"இவன் உங்கூட வந்தவனா?"

"தெரியாதுங்க" என்றான் சேகர், என்னைப் பார்க்காமல்.

அவன் மரத்தைத் தாண்டிப் போன பிறகு என்னை அடித்தார்கள்.

கல்லூரி திறந்ததும் பேராசிரியர் எங்கள் இருவரையும் பலகைக்கு அழைத்தார். சேகர் ஒரு புள்ளி வைத்து, "உன் முறைடா" என்றான்.

"இன்னாப்பா, இணை எங்க?" என்றார் பேராசிரியர்.

"தெரியாதுங்க" என்றேன், சேகரைப் பார்த்தபடி.

இன்று அதே தேற்றத்தை நான் நடத்துகிறேன். மாணவர் யாரையும் பலகைக்கு அழைப்பதில்லை. இரண்டு பேருடைய முறையையும் நானே போட்டுவிடுகிறேன்.