சீனக்காரரும் அம்மாவின் தமிழும்

யுத்தம் முடிந்து மூன்று, நான்கு வருடங்கள் போயிருக்கும். புத்தளம் பக்கத்து வீதிகளை எல்லாம் கிண்டி அகலமாக்கிக் கொண்டிருந்த காலம். அதில் ஒரு துண்டு வேலையை எடுத்திருந்த சீனக் கம்பனி ஒன்று, டவுனுக்கு வெளியே, கடல்நீர் உள்ளே வந்து தேங்கி நிற்கிற களப்போரமாக ஒரு பழைய வீட்டை வாடகைக்கு எடுத்து அலுவலகம் நடத்தியது. அங்கே ஸ்டோர் கணக்கு எழுதுகிற வேலை எனக்குக் கிடைத்தது. எங்கள் ஊர் உடப்பு. விடிய பஸ் ஏறினால் வேலைக்கு நேரத்துக்குப் போய்விடலாம்.

வேலை கிடைத்ததற்குக் காரணம் என் ஆங்கிலம். எங்கள் தெருவில் நாலு வசனம் சேர்ந்தாற்போல் ஆங்கிலத்தில் பேசக்கூடியவள் நான் ஒருத்திதான். அந்தத் தலைக்கனம் கொஞ்சநஞ்சமல்ல. பஸ்ஸில் தெரிந்த தமிழ் ஆட்களிடம்கூட 'எக்ஸ்கியூஸ் மீ' என்றுதான் இடம் கேட்பேன். இப்போது நினைத்தால் எனக்கே என்னை ஒரு அறை விடலாம் போல இருக்கிறது.

வீதி அளக்கிற வேலைக்குப் பொறுப்பாக ஒரு சீனக்காரர் இருந்தார். நாற்பது வயது மதிக்கலாம். தமிழும் தெரியாது, சிங்களமும் தெரியாது, ஆங்கிலம் 'குட் மோர்னிங்'கோடு சரி. ஆனால் கையில் எப்போதும் ஒரு கைக்கணினி வைத்திருப்பார். உள்ளங்கை அளவுதான் இருக்கும், அதன் பக்கத்தில் ஈர்க்குப் போல ஒரு குச்சி செருகியிருக்கும். என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் அந்தக் குச்சியை உருவிக்கொண்டு என் மேசைக்கு வருவார்.

அவர் அதில் சீன எழுத்து எழுதுவதைப் பார்ப்பது எனக்குப் பெரிய வேடிக்கை. திரையில் குச்சியால் கோட்டுக்கு மேல் கோடாக ஓர் எழுத்தைக் கீறுவார். உடனே அதைப் போலவே இருக்கிற எழுத்துகள் ஒரு வரிசையாக வந்து நிற்கும். எனக்கு எல்லாம் ஒன்று போலத்தான் தெரியும். அவர் கண்ணைச் சுருக்கி ஒவ்வொன்றாகப் பார்த்து, சரியானதைத் தேடிக் குத்துவார். பிறகு அடுத்த எழுத்து. சில நேரம் கீறாமல், சீனச் சொல்லின் ஒலியை ஆங்கில எழுத்தில் தட்டுவார். அப்போதும் ஒரு வரிசை வரும், அதிலும் தேடித்தான் எடுக்க வேண்டும். ஒரு எழுத்துப் பிழைத்தாலும் விடமாட்டார், அழித்துவிட்டு மறுபடி கீறுவார். வசனம் முடிந்ததும் ஒரு மூலையில் அமுக்க, அதன் ஆங்கிலம் கீழே வரும். நான் வாசித்து, பதிலை ஆங்கிலத்தில் தட்டிக் கொடுப்பேன். அது அவருக்குச் சீனமாகும்.

எங்கள் ஜீப் ஓட்டுகிறவர் புத்தளத்து முஸ்லிம், நாங்கள் எல்லாரும் அவரை அண்ணன் என்கிற முறையில் நானா என்றுதான் கூப்பிடுவோம். சீனக்காரர் மினைக்கெட்டு எழுதிக்கொண்டிருக்கும்போது நான் நானாவிடம் சொல்லுவேன்:

"இவர் ஒரு மூட்டை சீமெந்து கேட்டு முடிக்கிறதுக்குள்ள சீமெந்து இறுகிப் போயிரும் நானா."

நானா சிரித்துவிட்டு, "சும்மா இரிங்க தங்கச்சி, மனிசன் பாவம். அவருக்கும் விளங்கிரப் போகுது" என்பார்.

விளங்கினால் விளங்கட்டும் என்று இருந்தேன். அவ்வளவு வாய்.

ஒரு நாள் பகல் சாப்பாட்டு நேரம் நான் அம்மாவுக்குக் குறுஞ்செய்தி அனுப்பிக்கொண்டிருந்தேன். சீனக்காரர் எட்டிப் பார்த்தார். குச்சியை எடுத்தார், எழுதினார். 'இதுதான் உங்கள் எழுத்தா?' என்று வந்தது. இல்லை, எங்கள் மொழியைத்தான் ஆங்கில எழுத்தில் எழுதுகிறேன், அதுதான் சுகம் என்று பெருமையாகப் பதில் கொடுத்தேன். யாருக்கு என்று கேட்டார். அம்மாவுக்கு என்றேன். அம்மாவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியுமா என்று கேட்டார். தெரியாது, பக்கத்து வீட்டில் ஒருவர் வாசித்துச் சொல்லுவார் என்றேன். அவர் என் போனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், குச்சியைச் செருகிக்கொண்டு எழும்பிப் போய்விட்டார். இவருக்கென்ன வந்தது என்று எனக்குக் கோபம்.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். நான் பள்ளிக்கூடம் போகிற வயதில் வந்த ஒரு காய்ச்சலோடு அம்மாவுக்குக் காது போய்விட்டது. பேசுவார், ஆனால் எதுவும் கேட்காது. வாயசைவைப் பார்த்து விளங்கிக்கொள்வார். அப்பா இல்லாத வீட்டில் நாங்கள் இருவர்தான். நான் வேலைக்குப் போகத் தொடங்கியதும் அம்மாவுக்கு ஒரு பொத்தான் போன் வாங்கிக் கொடுத்தேன். கடைக்காரர் அதைத் தமிழில் போட்டுக் கொடுத்தார். பொத்தான்களிலும் தமிழ் எழுத்து இருந்தது. அம்மா சில நாட்களிலேயே பழகிவிட்டார். 'வரும்போது வெங்காயம்', 'மழை வருது குடை இருக்கா' என்று பெருவிரலால் தட்டி அனுப்புவார். நான் பதிலை ஆங்கில எழுத்தில் போடுவேன். அம்மா அதைத் தூக்கிக்கொண்டு பக்கத்து வீட்டு அக்காவிடம் போவார். போனில் தமிழில் எழுத நான் ஒரு நாளும் முயன்றதில்லை. என் போனுக்குள்ளும் தமிழ் இருக்கும் என்று தெரியும். ஆனால் அது அம்மா மாதிரி ஆட்களுக்கு என்று ஒரு எண்ணம்.

அது நடந்தது ஒரு பிற்பகல். நானாதான் முதலில் ஓடி வந்தார். எங்கோ கடலுக்கடியில் பெரிய நிலநடுக்கமாம், கரையோரத்து ஆட்களை உடனே விலகச் சொல்லி ரேடியோவில் சொல்கிறார்களாம். சுனாமி என்ற சொல்லைக் கேட்டதும் அலுவலகமே எழும்பிவிட்டது. எல்லாரும் பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள். நான் மட்டும் போனைக் கையில் எடுத்தேன்.

எங்கள் ஊர் கடலுக்கும் களப்புக்கும் நடுவில் ஒரு பட்டி மாதிரிக் கிடக்கிறது. கோயில் ஒலிபெருக்கியில் கட்டாயம் சொல்லுவார்கள், ஊரே ஓடும். ஆனால் அம்மாவுக்குக் கேட்காது. அந்த நேரம் அம்மா சமையல் முடித்து, கதவுக்குக் கொண்டி போட்டுக்கொண்டு படுக்கிற நேரம். யாராவது தட்டினாலும் தெரியாது. தலையணைக்குக் கீழே போன் அதிர்ந்தால்தான் எழும்புவார். பக்கத்து வீட்டு அக்கா அன்றைக்கென்று பார்த்துக் குடும்பத்தோடு முன்னேஸ்வரம் கோயிலுக்குப் போயிருந்தார்.

ஊரில் எனக்குத் தெரிந்த எல்லாருக்கும் எடுத்துப் பார்த்தேன். ஒரு அழைப்பும் போகவில்லை, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் எடுக்கிறார்கள் போல. குறுஞ்செய்தி மட்டும் போனது. பதறிப்போய் வழக்கம்போல ஆங்கில எழுத்தில் 'அம்மா சுனாமி வருது ஓடுங்க' என்று தட்டி அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் உறைத்தது. அதை வாசித்துச் சொல்ல அங்கே யார் இருக்கிறார்கள்? ஐயோ என்று தலையில் அடித்துக்கொண்டு கதிரையில் விழுந்தேன்.

சீனக்காரர் வாசல் வரை போனவர் திரும்பி வந்தார். குச்சியை எடுத்து அவசரமாக ஏதோ கீறினார். 'யார்?' என்று வந்தது. அம்மா, கடற்கரை ஊர், காது கேட்காது என்று தட்டினேன். 'எழுது' என்றார். அம்மாவுக்கு ஆங்கில எழுத்துத் தெரியாது என்றேன். அவர் மறுபடி கீறினார். 'அவருடைய எழுத்தில் எழுது.'

எனக்கு அது தெரியாது என்று தட்டினேன். அந்த வசனம் சீனமாகித் திரையில் வந்ததை அவர் வாசித்தார். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். சிரிக்கவில்லை, கோபிக்கவில்லை, விளங்காதது போலத்தான் பார்த்தார். நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது எனக்கு.

என் போனை வாங்கினார். அதில் இருந்த ஒரு சொல்லும் அவருக்கு வாசிக்கத் தெரியாது. ஆனால் எந்தப் போனைக் கையில் எடுத்தாலும் முதலில் தன் எழுத்து எங்கே என்று தேடிப் பழகியவர் அவர். இரண்டு இடத்தில் அமுக்கி, மொழிகளின் வரிசையைத் திறந்து என்னிடம் நீட்டினார். அதில் தமிழ் இருந்தது. அமுக்கினேன். தமிழ் வந்தது. வந்து என்ன செய்ய? என் பொத்தான்களில் இருந்தது ஆங்கிலம் மட்டும். எதற்குள் எந்த எழுத்து ஒளிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றாக அமுக்கினேன். 'க' வேண்டிய இடத்தில் வேறு எதுவோ வந்தது. அழித்தேன், மறுபடி வேறு எதுவோ. கண்ணீரில் திரையும் தெரியவில்லை.

வெளியே ஜீப்பில் ஹோர்ன் அடித்துக்கொண்டே இருந்தார்கள். "தங்கச்சி, வாங்க! அந்தச் சீனக்காரரையும் கூட்டிட்டு வாங்க! களப்பு பக்கத்துல நிக்கிறோம், விளையாட்டில்ல!" என்று நானா கத்தினார்.

சீனக்காரர் வெளியே பார்த்துக் கையை உயர்த்தினார், கொஞ்சம் பொறுங்கள் என்பது போல. பிறகு தன்னுடைய கைக்கணினியில் வெறும் திரையைத் திறந்து, குச்சியை என் கையில் திணித்தார். எழுது என்று சைகை காட்டினார். நான் பெரிதாக எழுதினேன். 'கடல் ஓடு அம்மா.' அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை.

அவர் அதை மேசையில் வைத்துக்கொண்டு என் போனில் தேடத் தொடங்கினார். ஒரு பொத்தானை அமுக்குவார், வருகிற எழுத்தைப் பார்ப்பார், நான் எழுதியதைப் பார்ப்பார். அது இல்லை, அடுத்தது. அது இல்லை, அடுத்தது. இருக்கிறது! கண்ணைச் சுருக்கிக்கொண்டு, சீன எழுத்து வரிசையில் தேடுகிற அதே பொறுமையோடு. நான் எதைப் பார்த்து நானாவிடம் நக்கலடித்தேனோ அதே பொறுமை. 'ட'வை எனக்கு முதலே அவர் கண்டுபிடித்தார். 'ஓ'வுக்கு வந்தபோது இரண்டு தரம் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, இதுதானே என்பது போல என்னைப் பார்த்தார். ஓம் என்று தலையாட்டினேன். தமிழ் எழுத்தைச் சரிபார்க்க மட்டும்தான் நான் உதவினேன். புள்ளியும் சுழியும் எங்கே இருக்கின்றன என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. 'கடல ஓட அமமா' என்றுதான் அது போனது.

அனுப்பிய பிறகும் அவர் எழும்பவில்லை. ஹோர்ன் சத்தத்துக்கு நடுவில் இரண்டு பேரும் அந்தப் போனையே பார்த்துக்கொண்டிருந்தோம். நான் கும்பிடாத தெய்வமில்லை. போன் அதிர்ந்தது.

'வெளிக்கிட்டன்.'

அம்மா வீட்டை விட்டுக் கிளம்பிவிட்டார். அந்த ஒரு சொல்லை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்ல எனக்குத் தெம்பில்லை. என் முகத்தைப் பார்த்தே விளங்கிக்கொண்டார். என் பையையும் அவரே தூக்கிக்கொண்டு என்னை ஜீப்பில் ஏற்றினார்.

கடல் வரவில்லை. பொழுது சாய முதலே ஆபத்து நீங்கியது என்று சொல்லிவிட்டார்கள். கிடைத்த வேன் ஒன்றில் ஊருக்கு ஓடினேன். அம்மா எனக்கு முதலே வீட்டுக்கு வந்து, வாசலில் கதிரை போட்டு இருந்தார். தெருப் பெண்கள் நாலைந்து பேர் சுற்றி நின்றார்கள். அம்மா போனை அவர்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தார். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரல் எவ்வளவு பெரியது என்று தெரியாது. அம்மா பேசியது தெருமுனை வரைக்கும் கேட்டது.

"முதல் ஒண்டு வந்துது. பாத்தன், இங்கிலீசு. பஸ் பிந்தும் எண்டு போட்டிருப்பாள் எண்டு திரும்பிப் படுத்திட்டன். பிறகு பாத்தா தமிழில வருது! வாசிக்க முன்னமே நெஞ்சு திக்கெண்டுது. என்ட மகள் எனக்குத் தமிழில எழுதுறாளெண்டா, என்னமோ பெரிசா நடந்திட்டுது எண்டு அப்பவே விளங்கிட்டுது."

பெண்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். குறை சொல்லவில்லை, பெருமையாகத்தான் சொன்னார். என்னைக் கண்டதும் எழும்பி வந்து கட்டிக்கொண்டு, "என்ட பிள்ள எழுதினபடியால்தான் நான் வெளிய வந்தன்" என்றார். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தப் பெருமையை வாங்கி வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. அம்மாவின் முகத்தை என் பக்கம் திருப்பி, வாயைப் பெரிதாக அசைத்துச் சொன்னேன், அதை நான் எழுதவில்லை, வேலையிடத்துச் சீனக்காரர்தான் எழுதினார் என்று.

அம்மாவுக்கு முதலில் விளங்கவில்லை. இரண்டாம் தரம் சொன்னேன். என்னைப் பார்த்துக் கேட்டார்.

"அவருக்குத் தமிழ் தெரியுமா மகள்?"

தெரியாது என்று தலையாட்டினேன்.

"உனக்குத் தெரியும்தானே?"

குத்திக் காட்டக் கேட்கவில்லை, விளங்காமல்தான் கேட்டார். சீனக்காரர் என்னைப் பார்த்த அதே பார்வைதான் அம்மாவின் கண்ணிலும் இருந்தது. நான் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போனேன்.

வீதி வேலை முடிந்து அவர் தன் நாட்டுக்குப் போய்ப் பல வருடங்களாகிவிட்டன. அந்தச் சுனாமி நாளின் இரவே நான் அம்மாவின் போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தமிழ் தட்டப் பழகத் தொடங்கினேன். இன்றைக்கு எல்லாருக்கும் தமிழில்தான் எழுதுகிறேன், இதையும் அப்படித்தான் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் அன்று என் அம்மாவை எழுப்பி வெளியே கொண்டுவந்த தமிழ், தமிழ் தெரியாத ஒரு மனிதரின் விரலிலிருந்துதான் வர வேண்டியிருந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம், 'உனக்குத் தெரியும்தானே?' என்ற அம்மாவின் அந்தக் கேள்விக்கு இன்னும் நான் பதில் சொல்லவில்லை என்றுதான் தோன்றுகிறது.