டோரீனுக்குப் போட்ட பத்துக்குப் பத்து

இந்த ஊர்க் கல்லூரியில் பாடம் தொடங்குவதற்கு முன்னால் பாடத்தின் சட்டத்தைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். 'கணினியும் சமூகமும்' என்கிற வகுப்பின் முதல் நாள் எனக்குக் கிடைத்தது பதினொரு பக்கம். கட்டுரை ஒரு நாள் தாமதமானால் எத்தனை மதிப்பெண் போகும், எழுத்து எந்த அளவில் இருக்க வேண்டும், வரிக்கு வரி எவ்வளவு இடம் விட வேண்டும், சளி பிடித்தால் யாருக்கு மின்னஞ்சல் அனுப்ப வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். திருவொற்றியூரில் பத்தாம் வகுப்பு வரை படித்த எனக்கு யாரும் இப்படி முன்கூட்டிச் சொன்னதில்லை. அடி விழுந்த பிறகுதான் அது தப்பு என்று தெரியும். எனவே அந்தப் பதினொரு பக்கத்தைப் பேருந்தில் இரண்டு தடவை படித்தேன். ஒரு பத்தி மட்டும் பிடிபடவில்லை. குழுவாகச் செய்யும் வேலைக்கு முப்பது மதிப்பெண். அதில் ஒவ்வொருவரும் மற்றவர்களுக்கும் தனக்கும் பத்துக்கு எவ்வளவு என்று தனித் தாளில் ரகசியமாக எழுதித் தர வேண்டும்.

கனடாவில் இந்த ஹாலிஃபாக்ஸுக்கு நான் வந்தது என் மனைவிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்ததால். அதற்கு முன் சிங்கப்பூரில் எண்ணெய்த் தொட்டி கழுவினேன், ஓமனில் கிடங்கில் இருந்தேன், எங்கும் இரண்டு வருடம் தாண்டியதில்லை. முப்பத்தெட்டு வயதில் சரக்குக் கிடங்கு மேற்பார்வைக்கான சான்றிதழுக்குச் சேர்ந்தேன். அதற்கு இந்த வகுப்பு கட்டாயம். என் குழுவில் என்னையும் சேர்த்து மூன்று பேர். கைல் என்ற இளைஞன், விளையாட்டு மென்பொருள் எழுத ஆசைப்படுபவன். டோரீன், ஐம்பத்துமூன்று வயது, மீன் ஆலையில் இருபத்திரண்டு வருடம் மீன் அறுத்தவள். ஆலை மூடியதும் அரசாங்கம் உதவித்தொகை கொடுத்து அவளை வேறு தொழில் படிக்கச் சொல்லியிருந்தது. ஒரு பாடத்தில் தோற்றாலும் அந்தத் தொகை நின்றுவிடும். முதல் வாரமே கேன்டீனில், வெயில் அடிக்கிறது என்று சொல்வதுபோல, இதைச் சொல்லிவிட்டாள்.

ஒரு வேலையிடத்துக்குக் கணினி வந்ததையும் அங்கிருந்த மனிதர்களுக்கு என்ன ஆனது என்பதையும் பற்றி எழுத வேண்டும். டோரீனின் ஆலையை எடுத்துக்கொண்டோம். அங்கே ஒவ்வொரு பெண்ணின் மேசையிலும் ஒரு தராசு, அது கணினியோடு இணைந்தது. யார் எவ்வளவு மீன் அறுத்தார்கள் என்று சுவரில் ஒரு திரை சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தப் பகுதியை டோரீன் எழுதுவதாக ஏற்பாடு. ஆனால் அவள் ஒரு கூட்டத்துக்கும் வரவில்லை. கணவர் ஆர்தருக்கு நுரையீரல் கெட்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு கிடந்தார். வகுப்பு நேரத்தைத் தவிர அவரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. நான் ஒன்றும் யோசிக்கவில்லை. கேன்டீனில் அவள் சொன்னதை வைத்து அவள் பகுதியை நானே எழுதினேன், அவள் பெயரைப் போட்டேன், ரகசியத் தாளில் பத்துக்குப் பத்து கொடுத்தேன்.

ஏன் யோசிக்கவில்லை என்றால், எண்ணூர் நெடுஞ்சாலையை ஒட்டி ஒரு கன்டெய்னர் யார்டில் நான் மூட்டை தூக்கியபோது நாங்கள் பதினாலு பேர் ஒரு கேங். ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால், பெண்டாட்டிக்குப் பிரசவம் என்றால், அவன் பெயர் மட்டும் வேலைக்கு வரும், மூட்டையை நாங்கள் தூக்குவோம். மேஸ்திரிக்கும் தெரியும். தொண்ணூறுகளின் கடைசியில் வருகைப் பதிவுக்கு அட்டை தேய்க்கும் கணினி வந்தது. வராதவன் அட்டையையும் சேர்த்துத் தேய்த்தோம், அவ்வளவுதான் வித்தியாசம். எர்ணாவூர் குடியிருப்பிலிருந்து வரும் ஏழுமலைக்கு இடுப்பு பிடித்துக்கொண்டபோது இரண்டு மாதம் அவன் அட்டை எங்களோடுதான் வேலைக்கு வந்தது.

ஒருநாள் கம்பெனிக்காரர் எங்களை ஒவ்வொருவராக ஏசி அறைக்குள் கூப்பிட்டார். கணினிக்கு முன்னால் உட்கார்ந்து, உங்க கேங்கில் யார் எப்படி என்று மரியாதையாகக் கேட்டார். டீ வேறு வந்தது. ஏழுமலைக்கு இடுப்பு வலி, லேசான வேலை கொடுத்தால் நன்றாக இருக்கும் என்றேன். நல்லதுதான் செய்தேன் என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். ராயபுரத்து காசிம் பாய், கேங்கில் மூத்தவர், லாரி நிழலில் பீடி பிடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மாமு, உள்ள இன்னா சொன்ன?"

"ஒண்ணியும் இல்ல பாய். ஏழுமலைக்கு இடுப்பு வலி கீதுன்னேன்."

"அத்த எதுக்கு நைனா சொன்ன? நாங்க பன்னெண்டு பேரு வாயில கொழுக்கட்டையா வச்சிகினு கீறோம்?"

"லேசான வேல குடுப்பாங்கன்னு..."

"குடுப்பாங்க குடுப்பாங்க. வூட்ல குந்திக்கிற வேல. அத்தவுட லேசு இன்னா கீது?"

திங்கட்கிழமை ஏழுமலையின் அட்டையைத் தேய்த்தால் சிவப்பு விளக்கு எரிந்தது. கொருக்குப்பேட்டை கேட் பக்கத்தில் ஒருமுறை அவனைப் பார்த்தேன். "வுடு மாமு" என்றான். திட்டியிருந்தால் நான் அந்த ஊரிலேயே இருந்திருப்பேனோ என்னவோ. மூன்று மாதத்தில் சிங்கப்பூருக்குப் போய்விட்டேன்.

அதனால்தான் அந்தப் பத்து. லிண்டா, எங்கள் ஆசிரியை, இங்கே அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும், என்னைத் தன் அறைக்கு வரச் சொன்னார்.

"டோரீன் எத்தனை கூட்டத்துக்கு வந்தார், மணி?"

"ஒன்றுக்கும் வரவில்லை."

"பிறகு எப்படிப் பத்து?"

"அவர் வீட்டில் கஷ்டம்."

"தாளில் அதைக் கேட்கவில்லையே."

"நீங்கள் கேட்க மறந்துவிட்டீர்கள். நானே சேர்த்துக்கொண்டேன்."

அவர் சிரிக்கவில்லை. டோரீன் என்னை மிரட்டினாரா என்று மிகக் கவனமாகக் கேட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது, அதை அவர் பயம் என்று எடுத்துக்கொண்டார். பிறகு மற்ற இரண்டு தாள்களையும் காட்டினார். கைல் அவளுக்கு இரண்டு போட்டிருந்தான். டோரீன் தனக்குத் தானே போட்டுக்கொண்டது பூஜ்யம். அடியில், 'எல்லாம் அவர்கள் இருவர் செய்தது, என் பெயரில் உள்ளது நான் எழுதியதல்ல' என்று எழுதியும் வைத்திருந்தாள்.

அவளை வாகன நிறுத்துமிடத்தில் பிடித்தேன். நன்றி சொல்வாள் என்று நினைக்கவில்லை, ஆனால் இவ்வளவு கோபத்தையும் நினைக்கவில்லை. "உன்னை யார் எழுதச் சொன்னது?" என்றாள். "எழுதியதும் பொய். அந்தத் தராசு எங்களை வதைத்தது என்று எழுதியிருக்கிறாய். அது வருவதற்கு முன் ஃபோர்மேனுக்குப் பிடித்தவள்தான் நல்ல வேலைக்காரி. அது வந்த பிறகுதான் என் பெயர் சுவரில் மேலே ஏறியது. இருபத்திரண்டு வருடத்தில் நான் எவ்வளவு செய்கிறேன் என்று சரியாகச் சொன்னது அது ஒன்றுதான். செய்யாததற்கு எனக்கு எண் வேண்டாம்."

கணினி ஏழுமலைக்குச் செய்ததை அவளுக்கும் செய்திருக்கும் என்று நானாக முடிவு செய்திருந்தேன். அவளிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. நம் ஆட்கள் இங்கே பலபேர் இதைச் செய்கிறோம். வெள்ளைக்காரர்களுக்குப் பாசம் கிடையாது, எதற்கும் கணக்குதான் என்று பேசிக்கொள்வோம். கணக்கில் தன் பெயர் சரியாக ஏறியதால் தலை நிமிர்ந்தவள் இருப்பாள் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அதேசமயம், ஏழுமலைக்கு அட்டை தேய்த்தது தப்பு என்றும் இன்றுவரை என்னால் சொல்ல முடியவில்லை.

லிண்டா ஒரு வாரம் அவகாசம் கொடுத்தார். டோரீன் தன் பகுதியைத் தானே எழுதித் தர வேண்டும். தராவிட்டால் தோல்விதான். எழுத நூலகத்துக்குப் போக வேண்டும், ஆர்தரை விட்டுப் போக முடியாது. திரும்பத் திட்டு விழும் என்று தெரிந்தேதான் கேட்டேன்: எழுதுவது நீ, அவர் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது நான், சரியா? அவள், ஆக்சிஜன் இயந்திரம் கூவினால் எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். இரண்டு மதியம் போனேன். அவள் ஏழு பக்கம் எழுதினாள், சுமாரான மதிப்பெண்ணில் தேறினாள், உதவித்தொகை நிற்கவில்லை. எனக்கு அந்தப் பத்துக்காகவும் வேறொருவர் பெயரில் எழுதியதற்காகவும் குறைத்தார்கள். பதினொரு பக்கத்தில் ஏற்கெனவே அச்சாகியிருந்ததுதான். மட்டமான மதிப்பெண்ணோடு நானும் தேறினேன்.

ஆனால் என் மனதில் நிற்பது அந்த இரண்டாவது மதியம்தான். ஆர்தர் முன்னாளில் மீன் பிடிக்கும் இழுவலைக் கப்பலில் இருந்தவர். ஜன்னலில் பனி விழுந்துகொண்டிருந்தது, துறைமுகம் பாதிதான் தெரிந்தது. அவர் தூக்கத்திலிருந்து பாதி விழித்து, என்னை யாரென்று நினைத்தாரோ, "கப்பலைக் கரையில் கட்டியாச்சா?" என்று கேட்டார்.

"கட்டியாச்சு நைனா. நீ தூங்கு."

தலையை ஆட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கோட்டில் பனியோடு வாசலில் நின்ற டோரீன், அவரிடம் என்ன சொன்னாய் என்று கேட்டாள். தமிழில் சொல்லியிருக்கிறேன் என்பதே அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. எந்தக் கப்பல், எந்தக் கரை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் எனக்கும் சொல்லத் தெரிந்திருக்காது.