ஒரு கரண்டி பால்மா

ஒப்பரேஷன் தியேட்டர் வாசல்வரை போன நல்லதம்பி அண்ணையை அப்படியே நோயாளர் வோட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். காரணம் நான். நான் மட்டும்தானா என்பது இன்றைக்கும் எனக்குத் தெளிவில்லை. புதிதாக நேர்சிங்குக்கு வரும் பிள்ளைகள் நீங்களே சொல்லுங்கள்.

அண்ணை அக்கராயனில் வயல் செய்பவர். குடலிறக்க ஒப்பரேஷன். அறுவடைக்கு முன் உடம்பு தேறிவிட வேண்டும் என்பதே அவர் கவலை. எங்கள் ஆஸ்பத்திரியிலோ கிழமைக்கு ஒரு நாள்தான் ஒப்பரேஷன்.

அண்ணை வரும்வரை வோட்டில் ஒரே சட்டம்: ஒப்பரேஷனுக்கு முதல்நாள் இரவு பன்னிரண்டுக்குப் பிறகு பச்சைத் தண்ணீரும் கூடாது. பட்டினியில் தலைசுற்றி விழப்போன எத்தனை பேரைத் தாங்கிப் பிடித்திருக்கிறேன்! அந்த மாதம் ஒரு பயிற்சிக்குப் போனேன். ஒப்பரேஷனுக்கு இரண்டு மணித்தியாலம் முன்வரை தண்ணீரோ பால் சேராத பிளேன்டீயோ குடிக்கலாம், ஆராய்ச்சிகள் அப்படித்தான் சொல்கின்றன என்றார்கள். மயக்க மருந்து டொக்டரும் சம்மதித்தார். வோட் சிஸ்டர் மட்டும், "உதெல்லாம் கடதாசியில நல்லாத்தான் இருக்கும் பிள்ளை. பாத்துச் செய்" என்றார்.

காலையில் அண்ணையின் மனைவி சுடுதண்ணீர்ப் பிளாஸ்க்கோடு நின்றார். "அக்கா, ஒன்பது மணிக்குள்ள ஒரு பிளேன்டீ குடுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்" என்றேன்.

"ஓம் மிஸ்."

பதினொரு மணிக்குத் தியேட்டர் வாசலில் டொக்டர், "என்ன ஐயா குடிச்சனீங்கள்?" என்று கேட்டிருக்கிறார்.

"நல்ல பால் தேத்தண்ணி" என்றாராம் அண்ணை, பெருமையாக.

பால் குடித்தால் ஆறு மணித்தியாலம் பொறுக்க வேண்டும். அடுத்த கிழமைக்குத் தள்ளிவிட்டார்கள்.

அக்காவிடம் ஓடினேன். "பிளேன்டீ எண்டுதானே சொன்னனான்?"

"ஓம் மிஸ், அதைத்தான் ஊத்தினனான். பிறகு மனம் கேக்கேல்லை. ஒப்பரேஷனுக்குப் போற மனுசனுக்கு வெறும் சாயத்தண்ணியே குடுக்கிறது? ஒரு கரண்டி பால்மாதான் போட்டனான்." அழுதுவிட்டார்.

"பழையபடி ஒண்டும் குடுக்காதை, ஒரு கரைச்சலும் வராது" என்றார் சிஸ்டர். அவர் சொன்னது சரி போலவும் இருந்தது. பயிற்சியில் சொன்னதும் சரிதான். அக்கா செய்ததைப் பிழை என்று சொல்லவும் வாய் வரவில்லை. மண்டை குழம்பிப் போனது.

அடுத்த கிழமை அண்ணை வந்தார். 'ஒன்றும் குடிக்கக் கூடாது' என்ற பழைய பட்டினி அட்டையைக் கட்டிலில் தொங்கவிடப் போனேன்.

"மிஸ், இந்தமுறை தண்ணியும் இல்லையோ?"

அட்டையை மேசை லாச்சிக்குள் போட்டேன். காலையில் வோட் குசினியில் நானே பிளேன்டீ ஊற்றினேன். அக்காவைப் பக்கத்தில் நிறுத்தி, "பால் கனநேரம் வயித்தில நிக்கும் அக்கா. மயக்கத்தில அது மேல வந்து நெஞ்சுக்குள்ள போனா ஆளுக்கு மூச்சடைக்கும். அதுதான் வேண்டாம் எண்டது" என்றேன்.

அக்கா என்னையே பார்த்தார். "உந்தக் காரணத்தை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே மிஸ். நான் என்ன, என்ர மனுசனுக்கு மூச்சடைக்கட்டும் எண்டே பால் போடுவன்?"

ஒப்பரேஷன் நல்லபடி நடந்தது. தள்ளிப்போன அந்த ஒரு கிழமையால் அறுவடைக்குள் உடம்புதான் தேறவில்லை. அண்ணை வரப்பில் கதிரை போட்டு அமர்ந்து, மற்றவர்கள் வெட்டுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தாராம். பயிற்சியில் எனக்குக் காரணத்தையும் சேர்த்துத்தான் சொல்லித் தந்தார்கள். நான்தான் அதை வோட்டுக்குக் கொண்டுவரவில்லை.