டோரீன் காத்திருந்த ரீஃபண்ட்

அமெரிக்காவில் மெய்ன் மாநிலத்தின் வடகோடியில் உள்ள அந்த ஊரில் பிப்ரவரி பிறந்தால் எல்லார் வாயிலும் ரீஃபண்ட் பேச்சுதான். சம்பளத்தில் கூடுதலாகப் பிடித்த வரியை அரசாங்கம் திருப்பித் தரும். அது கைக்கு வருமுன்பே டயராகவும் பல்செட்டாகவும் சோபாவாகவும் செலவாகிவிடும். டோரீன் மிஷோ பள்ளிக்கூடச் சமையலறையில் இருபது வருடம் உருளைக்கிழங்கு மசித்தவள். ஒரு வசந்தத்தில்கூட அவளுக்கு ரீஃபண்ட் தவறியதில்லை. தன் பணம்தான் தனக்கே திரும்பி வருகிறது என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை. யார்தான் யோசிக்கிறார்கள்?

போன வருடம் மேலாளரோடு முட்டிக்கொண்டு வேலையை உதறினாள். வீடுகளையும் ஏரிக்கரைக் குடில்களையும் சுத்தம் செய்து கொடுக்கும் சொந்தத் தொழிலில் இறங்கினாள். பிடித்தம் எதுவும் இல்லாமல் செக் முழுசாக வந்தது. அவளுக்கு ஒரே சந்தோஷம். சந்தேகமல்லவா வந்திருக்க வேண்டும்!

ஜனவரியில், குழாய்த் தண்ணீர் உறையும் குளிரில், வீட்டைச் சூடாக்கும் ஃபர்னேஸ் நின்றுபோனது. கில்பர்ட் தேரியோவைக் கூப்பிட்டாள். கூடப் படித்தவன், ஒரு வேனை வைத்துக்கொண்டு தனியாளாக ஃபர்னேஸ் வேலை பார்ப்பவன். எங்கோ கழற்றிய நல்ல ஃபர்னேஸ் ஒன்றைக் கொண்டுவந்து மாட்டினான். இரண்டாயிரம் டாலர். ரீஃபண்ட் வந்ததும் தருவதாகச் சொன்னாள்.

"காலாண்டுக்குக் காலாண்டு வரி கட்டுறியா, டோரீன்?"

"நான் எதுக்குக் கட்டணும்? அவங்கதான் எனக்குத் தரணும்."

ஸ்பானர் திருகிக்கொண்டிருந்த அவன் கை நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தவன், மூச்சில் புகை கிளம்ப நடுங்கிக்கொண்டிருந்தவளைப் பார்த்துவிட்டு, மறுபடி திருக ஆரம்பித்தான்.

அந்த மௌனம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. வரிக்கணக்கு போடும் திருமதி ஹாஃபர்டிடம் போவதை நாளைக்கு நாளைக்கு என்று தள்ளினாள். அண்டை வீடுகளில் புது சோபாக்கள் வந்து இறங்கின. மார்ச் முடியும் தறுவாயில்தான் போனாள். திருமதி ஹாஃபர்ட் கணக்கைத் தட்டினாள், அழித்தாள், மறுபடி தட்டினாள். இந்த முறை தன் பேரப்பிள்ளைகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

"எவ்வளவு வரும்?"

"வராது, டோரீன். நீங்கதான் கட்டணும். அபராதத்தோட சேர்த்து ஐயாயிரத்து எண்ணூறு. முன்னாடி ஓய்வூதிய வரியில பாதியை முதலாளி கட்டினாங்க. இப்போ முதலாளி பங்கும் உங்க தலையில, வேலைக்காரி பங்கும் உங்க தலையில."

"முதலாளியா? பக்கெட்டும் துடைப்பமும்தானே என்கிட்ட இருக்கு."

திருமதி ஹாஃபர்ட் சிரிக்கவில்லை. தவணையில் கட்டலாம், வட்டி ஓடும் என்றாள்.

அங்கிருந்து நேராகக் கில்பர்ட்டின் வீட்டுக்குப் போனாள். சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். ஃபர்னேஸைக் கழற்றிக்கொண்டு போகச் சொன்னாள். அவன் காப்பிக் கோப்பையை வெறுமனே உருட்டிக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கே எனக்குத் தெரியும். ரீஃபண்டுன்னு நீ சொன்னப்பவே."

"தெரிஞ்சும் ஏன் மாட்டினே?"

"உன்னைக் குளிர்ல விட்டுட்டு வரச் சொல்றியா?"

மாதாமாதம் கொஞ்சமாகவாவது தந்துவிடுகிறேன் என்றாள். அவன் சன்னல் வழியே வேனைப் பார்த்தான்.

"ரெண்டு வருஷமா நானும் வரி கட்டல. ஏப்ரல் பதினஞ்சாம் தேதிக்குள்ள ஒரு பகுதியாவது கட்டலேன்னா வரி ஆபீஸ்காரங்க வேனை எடுத்துக்குவாங்க. உன் ரெண்டாயிரத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட்டிருந்தேன்."

"வரப்போறதில்லன்னு தெரிஞ்சுதானே?"

"தெரிஞ்சுதான். நீயும் அப்படித்தானே ரீஃபண்டை எண்ணிக்கிட்டு இருந்தே?"

வேனுக்குள் அவனுடைய குழாய்களும் கருவிகளும் அடுக்கி வைத்தபடி இருந்தன. வேன் போனால் அவனுக்கு வேலை போயிற்று.

வீட்டுக்கு வந்தாள். வெளியே இன்னும் பனி கரையவில்லை. கீழே நிலவறையில் ஃபர்னேஸ் குறை சொல்ல முடியாதபடி ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் அவளுக்குத் தாங்கவில்லை. இறங்கிப் போய் அதை அணைத்துவிட்டு, கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.