எமகண்டத்தில் மூழ்கிய தீவு

அந்தமானில், பாம்பூஃப்ளாட்டில் எங்கள் வீடு கரையோரம் இருந்தது. வீட்டுக்கும் திறந்த கடலுக்கும் நடுவே ஒரு சேற்றுத் தீவு. தீவு என்று சொல்வதே மரியாதைக்குத்தான். தண்ணீர் வடிந்தால் ஒரு கல்யாணப் பந்தி போடலாம். ஏறினால் அலையாத்தி என்று சொல்கிற கண்டல் மரங்கள் மட்டும் நிற்கும், தரை இருக்காது. ஆனால் ஆனி, ஆடியில் அலை புரண்டு வரும்போது அந்த மரங்கள்தான் முதல் அடியை வாங்கிக்கொள்ளும். அவை இல்லையென்றால் என் அடுப்படி மிஞ்சாது.

அந்த மரங்களைத்தான் வெட்டப்போகிறார்கள் என்று ஒரு நாள் என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். அவர் கிளார்க்காக இருந்த ஆபீஸுக்கு மெயின்லேண்டிலிருந்து புது அதிகாரி வந்திருந்தார். கண்டலை வெட்டி, கல்லைக் கொட்டி, தென்னை வைத்து, காற்று வாங்க பெஞ்சும் போடுவாராம். "இந்தக் கொசுப் பண்ணைய எதுக்குய்யா வச்சிருக்கீங்க?" என்று கேட்டாராம். இவர் "யெஸ் ஸார்" என்றாராம். கேட்ட கேள்விக்கு அது பதிலா என்றுகூட யோசிக்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்றைக்கு ரசத்தில் உப்பே போடவில்லை.

காணும் பொங்கல் ஞாயிற்றுக்கிழமை வந்தது. அதிகாரியையும் அவர் மனைவியையும் அதே தீவுக்குக் கூட்டிப்போய் வயிறாரச் சோறு போட்டு, மெதுவாகக் கேட்டுவிடலாம் என்று நான்தான் திட்டம் போட்டேன். புளியோதரை, தயிர்சாதம், வடை எல்லாம் கட்டிக்கொண்டு, தூத்துக்குடிக்கார மீனவர் ஒருவரின் படகில் போய் இறங்கினோம். அதிகாரி எட்டு வடை சாப்பிட்டார். சரி, இதுதான் சமயம் என்று நான் வாயைத் திறக்கவும் படகுக்காரர் வந்து நின்றார்.

"ஸாப், தண்ணி ஏறுது. ஜல்தி கிளம்பணும்."

அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப எமகண்டம்யா. ஒன்றரை ஆகாம நான் எங்கயும் கிளம்ப மாட்டேன்."

"கடலுக்கு அது தெரியாதே ஸாப்."

"எனக்குத் தெரியும்ல?"

படகுக்காரர் என்னைப் பார்த்தார். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் வானத்தைப் பார்த்தார். "அப்ப ஜெட்டிக்கு ஒரு ட்ரிப் அடிச்சிட்டு வர்றேன்" என்று படகு போய்விட்டது.

முதலில் ஜமக்காளம் நனைந்தது. அதிகாரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அங்கேயும் நனைந்தது. எமகண்டம் பார்க்காமல் தயிர்சாதத் தூக்கு தானாகவே கிளம்பியது. அதன் பின்னாலேயே அவருடைய செருப்பும் போனது. தண்ணீர் இடுப்புக்கு வந்ததும் நாலு பேரும் ஆளுக்கொரு மரத்தில் ஏறினோம். பட்டுப்புடவையோடு கண்டல் மரம் ஏறுவதற்குத் தனித் திறமை வேண்டும். அதிகாரியின் மனைவிக்கு அது இருந்தது. அதிகாரிக்குத்தான் இல்லை. எட்டு வடையும் கீழே இழுக்க, கண்ணை இறுக மூடி, மரத்தை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு தொங்கினார். அவர் முழங்காலில் ஒரு நண்டு நிதானமாக ஏறிக்கொண்டிருந்தது.

நானும் என் கிளையை இறுகப் பிடித்துக்கொண்டேன். ஆனாலும் இப்போது விட்டால் இந்த மனிதர் பிறகு அகப்பட மாட்டார்.

"ஸார், இந்த மரத்தையெல்லாம் வெட்ட வேண்டாம் ஸார். இது போனா எங்க வீடும் கூடவே போயிடும்."

"இப்ப பேசற பேச்சாம்மா இது?"

அவர் மனைவி பக்கத்து மரத்திலிருந்து குரல் கொடுத்தார். "ஏங்க, நேத்தே வெட்டியிருந்தா இப்ப எதைக் கட்டிப் பிடிச்சிருப்பீங்க? அந்தப் பொண்ணுக்கு ஒரு பதிலச் சொல்லுங்க!"

நண்டு தொடைக்கு வந்திருந்தது.

"வெட்டலைம்மா! ஒரு இலையக்கூடத் தொடலை! போதுமா?"

எனக்குப் பொலபொலவென்று கண்ணீர் கொட்டியது. சந்தோஷம் தாங்காமல் இரண்டு கையையும் தூக்கி அவரைக் கும்பிட்டேன். மரத்தில் இருப்பவள் அப்படிக் கும்பிடக் கூடாது என்பது தண்ணீருக்குள் போன பிறகுதான் உறைத்தது.