எஞ்சின் அறைச் சுவரோடை நிண்ட அலுமாரி

இல்லை, ஸைனுலாப்தீன் நானா களவெடுக்கேல்லை. நீங்கள் ஒருத்தரும் கேக்கேல்லைதான். எண்டாலும் சொல்லிப்போடுறன், ஏனெண்டா எழுபத்தஞ்சிலை எங்கடை ஐஸ் பக்டறியிலை முக்கால்வாசிப் பேர் அப்பிடித்தான் நினைச்சவை. நானும் ரெண்டு நாள் நினைச்சனான்.

நானா எண்டா அண்ணன்; அவர் ஸ்டோர் பாக்கிறவர். கிண்ணியாவிலையிருந்து விடியப் பாதைப் படகு ஏறித் துறை தாண்டி வருவார். அந்த நேரம் வெளிநாட்டுச் சாமான் எடுக்கிறதெண்டா பெர்மிட் வேணும். பெரிய மோட்டருக்கு மூண்டு ஸ்பெயார் பெயரிங், அதுதான் தண்டு சுழல உருளை வைச்ச இரும்பு வளையம், வந்துசேர ஒண்டரை வருசம் போச்சு. நானா அதுகளைப் பாத்தமாதிரி நான் என்ரை பிள்ளையளையே பாக்கேல்லை. எங்கடை துறைமுகக் காத்துக்கு வெள்ளிக்கிழமை வைச்ச ஸ்பானர் திங்கக்கிழமை கறள் பிடிச்சுத் துருவேறும். அதுக்குப் பயந்து அலுமாரியை இழுத்து எஞ்சின் அறைச் சுவரோடை ஒட்டி வைச்சார். அந்தச் சுவர் எப்பவும் சூடு, ஈரம் அண்டாது. நல்ல யோசினை எண்டு மனேஜரும் சொன்னவர்.

ரெண்டு வருசத்தாலை மோட்டர் பெயரிங் போச்சு. நானாவே புதுசொண்டைப் பிரிச்சு, துடைச்சு, மெசின் பூட்டுற பிற்றர் கனகசுந்தரத்திட்டைக் குடுத்தார். நாலாம் நாள் மோட்டர் ஊளையிட்டுது. அடுத்ததைப் போட்டினம், அதுவும் அப்பிடித்தான். கழட்டி மண்ணெண்ணையிலை கழுவிப் பாத்தா, வளையத்துக்குள்ளை ஒரே இடைவெளியிலை கோடு கோடாப் பள்ளம்.

"நானா, இது பழஞ்சாமான். புதுசை எந்தக் கடையிலை வித்தனீங்கள்?" எண்டு கனகசுந்தரம் கேட்டார்.

"அல்லா அறிய, தம்பி, ரெண்டு வருசமா நான் பெட்டியத் தொடக்கூட இல்ல."

"அப்ப பெட்டிக்குள்ளை தானா ஓடித் தேஞ்சதோ?"

எல்லாரும் சிரிச்சினம். மனேஜர் சிரிக்கேல்லை. நாளைக்குக் காலமை அலுமாரிப் பூட்டின்ரை திறப்பைக் கொண்டுவந்து தாங்கோ எண்டார். நானா இருவத்திரண்டு வருசம் வேலை செய்த மனிசன்.

அண்டைக்குப் பின்னேரம்தான் என்ரை மகள் மக்டலினுக்குப் பொம்பிளைப்பிள்ளை பிறந்தது. எனக்கு முதல் பேத்தி! மூக்கு என்ரை மூக்கு, ஆர் என்ன சொன்னாலும். விடிய தொதல் இனிப்பும் தேத்தண்ணியும் கொண்டு ஸ்டோருக்கு ஓடினன். நானா திறப்பைக் கையிலை பொத்திக்கொண்டு நிக்கிறார். எனக்குச் சிரிக்கிறதோ அழுறதோ எண்டு தெரியேல்லை.

"முதல் இதைத் தின்னுங்கோ நானா" எண்டு கிளாசை அலுமாரிக்கு மேலை வைச்சன். தேத்தண்ணியிலை அலை வட்டம் வட்டமா நெளியுது. ஒருத்தரும் அலுமாரியிலை முட்டேல்லை. கையை வைச்சுப் பாத்தன், எறும்பு ஊருறமாதிரி அதிருது.

கனகசுந்தரத்தைக் கூட்டிக்கொண்டு வந்தன். அவர் தேத்தண்ணியையே கனநேரம் பாத்தார். பிறகு மனேஜருக்கு முன்னாலை மூண்டாவது பெயரிங்கை எடுத்தார். கொம்பனிச் சீல் உடையேல்லை. பொதியை வெட்டிப் பாத்தா, அதுக்குள்ளையும் அதே பள்ளம்.

"சுழண்டிருந்தா இப்பிடிப் பள்ளம் விழாது. எஞ்சின் அதிரச் சுவரும் அலுமாரியும் அதிர்ந்து, உருளை ஒரே இடத்திலை இருந்து நடுங்கி நடுங்கி அரைச்சிருக்கு" எண்டார்.

மனேஜர் ரெண்டு தரம் திருப்பிக் கேட்டார். எனக்கு இண்டைக்கும் சரியா விளங்கேல்லை. ஓடின சாமான் தேயும். சும்மா கிடந்த சாமானும் தேயுமோ?

மனேஜர் திறப்பை வாங்கேல்லை. இனி அலுமாரி எழுத்து வேலை நடக்கிற கந்தோர்ப் பக்கம், காலுக்குக் கீழை லொறி டயர்த் துண்டு வையுங்கோ எண்டிட்டுப் போனார். நான் நானாவைக் கட்டிப்பிடிச்சன். அவர் அசையேல்லை.

"அல்பிரட், களவெடுத்த எண்டு சொன்னாங்க, இல்லெண்டு சொல்ல எனக்கு வாய் இருந்திச்சி. இப்ப என்ர கவனத்தாலதான் பழுதாப்போச்சி எண்டு சொல்றாங்க. இதுக்கு நான் என்னத்தச் சொல்றது?"